தூரத்தின் விலை: சிறுநீரகச் சிகிச்சையில் கணக்கில் ஏறாத செலவுகள்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் சிகிச்சையைக் குறித்து நம் நாட்டில் இரண்டு செய்திகள் வழங்குகின்றன. அரசு மருத்துவமனைகளிலும், காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது என்பது ஒன்று. வீட்டில் ஒருவருக்கு இந்த வியாதி வந்துவிட்டால் அக்குடும்பம் இரண்டொரு வருஷங்களில் நகையையும் நிலத்தையும் இழந்து கடனாளியாகிவிடுகிறது என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையே. முதற்செய்தி மருத்துவமனையின் வாசலிலிருந்து உட்புறமாக எண்ணப்பட்டது. இரண்டாவது நோயாளியின் வீட்டு வாசற்படியிலிருந்து எண்ணப்பட்டது. இவ்விரு வாசல்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில் விரயமாகும் பணமும் பொழுதும் தேக பலமும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தாலேயே அவற்றைக் குறைக்கும் பொறுப்பும் எவருக்கும் உரியதாகாமல் நின்றுவிடுகிறது. மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவருக்கும், மலையிலோ கடற்கரைக் குப்பத்திலோ பேருந்து எப்போதாவது வந்துபோகும் சிற்றூரிலோ வாழ்பவருக்கும் வியாதி ஒன்றே ஆயினும் அவர்கள் செலுத்தும் விலை ஒன்றன்று. அந்த வேற்றுமையைச் சிகிச்சைக்குப் புறம்பான சங்கதியாக ஒதுக்காமல், சிகிச்சையின் செலவாகவே எண்ண வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெரிய வியாதிகள் பலவற்றில் தூரம் என்பது ஒருமுறை கடந்து தீர வேண்டிய இடர். இருதயத்தில் அறுவை செய்துகொண்டவர் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தாலும் சில நாட்களில் ஊர் திரும்பி, பின்பு எப்போதாவது மறுபரிசோதனைக்கு வந்தால் போதும். சிறுநீரகம் அடியோடு பழுதுபட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. 1943-ஆம் ஆண்டில், ஹாலந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், காம்பன் என்னும் ஊரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிகளிடம் பிரயோகிக்கத் தொடங்கியபோது, அது ஆபத்தான சில நாட்களைத் தாண்டச்செய்யும் சாதனமாகவே கருதப்பட்டது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர், இரத்தக் குழாய்களோடு நிலையாகப் பொருத்திவைக்கத்தக்க டெஃப்லான் குழாயை உருவாக்கிய பிறகுதான் ஒரே நோயாளியை மறுபடி மறுபடி இயந்திரத்தில் இணைத்து வருஷக்கணக்கில் வாழவைக்க முடிந்தது. 1966-இல், கையிலுள்ள நாடியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் ‘ஃபிஸ்டுலா’ முறை வெளிவந்ததும் அந்த வாழ்வு மேலும் நிலைபெற்றது. மரணத்தை ஒத்திவைத்த அந்த மகத்தான கண்டுபிடிப்போடு ஒரு நிர்ப்பந்தமும் கூடவே பிறந்தது: அன்றுமுதல் நோயாளி அந்த இயந்திரத்தைவிட்டு இரண்டு மூன்று நாட்களுக்குமேல் அகன்றிருக்க இயலாதவரானார்.

கணக்கு எளியது. முறையான டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வருஷத்துக்கு 156 தடவை. மருத்துவமனை 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்குமானால், போகவும் வரவுமாக வருஷத்துக்கு 15,600 கிலோமீட்டர் ஆகிறது. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சாலை வழியாக இருமுறை போய்வருவதற்கும் மேற்பட்ட தூரம் இது; இதை நடக்கவே தள்ளாடும் ஒரு தேகம், பெரும்பாலும் பேருந்தில், ஆயுள் உள்ள மட்டும் ஒவ்வொரு வருஷமும் கடந்தாக வேண்டும்.

இயந்திரத்தை ஒவ்வோர் ஊரிலும் கொண்டுவந்து வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தடவை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் செலவாகிறது. அதற்கு வேண்டிய நீர் குடிநீரைவிடப் பன்மடங்கு தூய்மையானதாக இருக்க வேண்டும். அவ்வளவு நீரைச் சுத்திகரித்தெடுக்க அதற்கு மேற்பட்ட நீரை உட்செலுத்த வேண்டும். தடையற்ற மின்சாரமும், பழகிய டெக்னீஷியனும், அவசரத்துக்கு அருகில் ஒரு மருத்துவரும் இல்லாத இடத்தில் அந்த இயந்திரம் நோயாளிக்கு ஆபத்தாகவே முடியும். ஆகவே டயாலிசிஸ் நகரத்தையும் மாவட்டத் தலைநகரையும் சார்ந்து வளர்ந்ததில் வியப்பில்லை. வியப்பெல்லாம், அப்படி வளர்ந்தபோது இடைத்தூரத்தின் பாரம் முழுவதும் நோயாளியின் தோளில் ஏறிவிட்டதை ஒரு செலவாகவே நாம் கருதாமற் போனதுதான்.

செய்யப்பட்ட நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. ஒரு தலைமுறைக்கு முன்பு, பணமில்லாதவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது என்றால் சில வாரங்களில் மரணம் என்றே பொருள். சென்னையில் 1993-இல் தோன்றிய டேங்கர் அறக்கட்டளை போன்றவை குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் அளித்துப் பல உயிர்களைத் தாங்கின. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவரும் ஏற்பாடு டயாலிசிஸையும் மாற்றுச் சிறுநீரக அறுவையையும் ஏழைக்கு எட்டவைத்தது. 2016-17-ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இயந்திரங்களைக் கொண்டுவந்தது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும் இவை ஒவ்வொன்றும் பணம் வழங்குவது படுக்கையில் சாய்ந்த நேரத்திலிருந்து எழுந்த நேரம் வரை நடப்பதற்கே. அதற்கு முன்னும் பின்னும் உள்ளது குடும்பத்தின் பாடு.

பிரயாணத்துக்கென உள்ள சலுகைகளையும் எண்ணிப் பார்க்கலாம். டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ செல்லும் சிறுநீரக நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில்வே சாதாரண வகுப்புகளில் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி தருகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் வாரம் மூன்று தடவை போகிறவர்களில் பலருடைய பாதை இருப்புப்பாதையை ஒட்டியதன்று. கிராமத்திலிருந்து சாலை முனைவரை யாரேனும் ஒருவருடைய இருசக்கர வாகனம், அங்கிருந்து ஒரு பேருந்து, பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோ என்று மூன்று துண்டாகக் கழியும் பிரயாணம் அது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது கணவனோடு துணைக்குப் போகும் மனைவிமாருக்கு மெய்யான உதவி. எனினும் ஊர்விட்டு ஊர் செல்லும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. 108 வண்டி ஆபத்தில் வந்து உயிர் காக்கும். வழக்கமான டயாலிசிஸ் முடிந்து களைத்திருப்பவரை வீட்டில் கொண்டுபோய் விடுவது அதன் வேலையன்று.

ஷிஃப்ட் என்று அவர்கள் சொல்லும் முறைநேரத்தைக் கவனித்தால் விஷயம் மேலும் விளங்கும். அதிகாலை ஷிஃப்ட் கிடைத்தவர் இருட்டில் எழுந்து, முதல் பேருந்துக்கும் முன்னதாகவே புறப்பட வழி தேட வேண்டும். கடைசி ஷிஃப்ட் கிடைத்தவர் இரவில் முடித்துக்கொண்டு வெளியே வரும்போது ஊருக்குப் பேருந்து இராது. வாடகைக் கார் பிடிக்க வேண்டும், அல்லது ஒரே திசையில் வாழும் நோயாளிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேனைப் பேசிக்கொள்ள வேண்டும், அல்லது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்து விடியற்காலையில் போக வேண்டும். இந்த முறைநேரத்தை ஒதுக்குகிறவர் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை ஒரு வரியில் நிர்ணயிக்கிறார். பெரும்பாலும் அவருக்கே அது தெரிவதில்லை.

உடன் வருகிறவர் இன்றி இந்தப் பிரயாணம் நடவாது. நான்கு மணி நேரத்தில் உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீர் உறிஞ்சி எடுக்கப்பட்டவருக்கு இரத்த அழுத்தம் தாழும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், கண் இருளும், ஊசி குத்திய இடத்தில் கட்டு நெகிழ்ந்தால் இரத்தம் பீறிடும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. டயாலிசிஸ் முடித்த உடம்போடு அவ்வழியே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்குத் திரும்ப நேரும் தொழிலாளியைத் தனியே அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஆகவே மனைவி வருகிறாள். அவளுக்கு முடியாதபோது வயது முதிர்ந்த தாய் வருகிறாள். அதுவும் இயலாதபோது பள்ளிக்கூடம் போக வேண்டிய மகன் வருகிறான். வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வர இயலாது என்று சொல்லுகிற பெண்ணை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வார்? நாற்று நடவானாலும் பனியன் கம்பெனியானாலும் நூறு நாள் வேலையானாலும் அவளுடைய பெயர் நாளடைவில் அடிபட்டுப் போகிறது. ஒரு வியாதி இரண்டு பேருடைய சம்பாத்தியத்தை உண்கிறது. நோயாளியின் கூலி நின்றதை ஊரார் காண்கிறார்கள். துணைக்குப் போகிறவளின் கூலி நின்றதை எவரும் நஷ்டமாகக்கூடக் கருதுவதில்லை. அது அவள் கடமை என்ற பெயரால் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. இந்த ஆராய்ச்சி முழுவதிலும் என் மனத்தை மிகவும் வருத்துவது இதுவே.

சில்லறைச் செலவுகள் பலவற்றை விஸ்தரிக்கப் புகின் கட்டுரை நீளும். இரத்தச் சோகைக்குப் போடும் ஊசிமருந்து இருப்பில் இல்லாத நாளில் வெளியே வாங்க வேண்டும். அதைக் குளிர் மாறாமல் பனிக்கட்டி வைத்த ஃபிளாஸ்கில் சுமந்து வர வேண்டும். சத்துள்ள உணவு உண்ணும்படி மருத்துவர் சொல்ல, மருத்துவமனை வாசலில் கிடைப்பதோ உப்பும் பொட்டாசியமும் மிகுந்த கடைச் சாப்பாடு. நெருங்கி வாழ்பவர் வீட்டுக்குப் போய் உண்பார். தொலைவில் வாழ்பவருக்கு அந்த வழி இல்லை.

இவ்வளவையும் தாங்க முடியாதபோது குடும்பம் கண்டுபிடிக்கும் சிக்கனம் ஒன்று உண்டு: மூன்று தடவையை இரண்டாக்குவது, இரண்டை ஒன்றாக்குவது. இந்தச் சிக்கனத்தின் விலையே எல்லாவற்றிலும் பெரிது. இடைவெளி நீண்டால் நீரும் பொட்டாசியமும் உடம்பில் தேங்கும்; நள்ளிரவில் மூச்சு முட்டும்; அந்த வேளையில் கேட்ட வாடகையைக் கொடுத்து வண்டி பிடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, மிச்சம் பிடித்ததாக எண்ணியதைப்போலப் பல மடங்கை ஒரே இரவில் இழக்க நேரும்; சில சமயம் உயிரையே இழக்க நேரும். பல நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த ‘டாப்ஸ்’ என்னும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி 2008-இல் வெளியானது. கால் மணி நேரத்துக்குள் சிகிச்சை நிலையத்தை அடைகிறவர்களைக் காட்டிலும், ஒரு மணி நேரத்துக்குமேல் பிரயாணம் செய்கிறவர்களிடையே மரண அபாயம் ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. சாலையும் வாகனமும் செழித்த நாடுகளிலேயே இவ்வாறென்றால், நம் நிலையை ஊகிப்பது கடினமன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பேருந்துகள் நின்றபோது, மருந்துக் கடையும் மருத்துவமனையும் திறந்தே இருந்தும், அனுமதிச் சீட்டும் வாடகைக் காரும் கிடைக்காத டயாலிசிஸ் நோயாளிகள் தவித்த தவிப்பு, பேருந்தும் இந்தச் சிகிச்சையின் ஓர் உறுப்பு என்பதை நாடறியச் செய்தது.

தூரம் சிகிச்சைக் காலத்தில் மட்டும் விலை வாங்குவதில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே வாங்கத் தொடங்கிவிடுகிறது. அருகில் சிறுநீரக நிபுணர் உள்ளவர் கிரியாட்டினின் ஏறிவரும்போதே பார்த்து, டயாலிசிஸ் தேவைப்படுமுன்பே கையில் ஃபிஸ்டுலா செய்துகொள்கிறார். அது முதிர்ந்து பயன்படச் சில வாரங்கள் வேண்டும். நெடுந்தொலைவில் உள்ளவர் கால் வீக்கத்துக்கு ஊர்க்கடையில் மாத்திரை வாங்கித் தின்று, கடைசியில் மூச்சுத் திணறலோடு வந்து சேர்கிறார். கழுத்துச் சிரையில் குழாய் செருகி அவசரமாக டயாலிசிஸ் தொடங்க வேண்டியதாகிறது. அக்குழாயின் வழியே கிருமி புகுந்து குளிர்க்காய்ச்சல் வருவது சாதாரணம். பிறகு ஃபிஸ்டுலா செய்ய ஒரு பயணம், அது வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு பயணம், குழாயை எடுக்க ஒரு பயணம் என்று நீளும் இந்தத் தொடர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் காலத்தோடு பார்த்திருந்தால் பெருமளவு தவிர்ந்திருக்கும்.

பிரயாணத்தை ஒழிக்க வைத்தியம் கண்ட ஒரு வழி உண்டு. வயிற்றறையில் திரவத்தை விட்டு, சில மணி நேரம் வைத்து, வடித்தெடுக்கும் வயிற்றறை டயாலிசிஸ் அது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய இம்முறையை நோயாளி தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தாய்லாந்து அரசு 2008-இல் தன் பொது மருத்துவத் திட்டத்தில் இதையே முதல் சிகிச்சையாக ஏற்று, திரவப் பைகளை நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பியது. பின்பு 2022-இல் முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை நோயாளியிடமே விட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இந்தப் பைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தூரத்தின் பாரத்தை அரசாங்கம் தானே ஏற்றுக்கொண்ட மிகச் சில ஏற்பாடுகளில் ஒன்று என்ற முறையில் இதை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் இதற்கும் மறைவான செலவு இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு மூன்று தடவை இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 180 லிட்டர். அத்தனை பெட்டிகளையும் மழை ஒழுகாத, எலி கடிக்காத ஓரிடத்தில் அடுக்கிவைக்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அதற்குரிய இடம் எது? கை கழுவ ஓடும் நீர், புழுதி புகாத ஒரு மூலை, ஒவ்வொரு தடவையும் கவனம் சிதறாத ஒரு துணைவர் ஆகியவை வேண்டும். சுத்தம் சற்றே தவறினால் வயிற்றறையில் சீழ் பிடித்து, விலகியிருந்த மருத்துவமனைக்கே ஓட வேண்டும். ஆகவே வீட்டுச் சிகிச்சை என்பது வீடு ஒன்று முறையாக உள்ளவர்களுக்கே முழுப் பயன் தருகிறது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டால் இத்துயரெல்லாம் தீரும் என்பர். வைத்திய ரீதியில் அது பெரும்பாலும் மெய்யே. ஆனால் அந்த விடுதலையை அடையும் வழியில்தான் தூரம் தன் மிகப் பெரிய கூலியை வாங்குகிறது. 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்றுச் சிறுநீரக அறுவை நடந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், திரிபுரா முதலிய இடங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மக்கள் வருகிறார்கள். ஹவுராவிலிருந்து காட்பாடி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்க எழுத்துப் பலகைகள் தொங்கும் விடுதிகளையும், அறைக்குள்ளேயோ மாடியிலோ தாமே சமைத்துக்கொள்ளும் குடும்பங்களையும், வாடகைக்குக் கிடைக்கும் அடுப்பையும் பாத்திரத்தையும் அவ்வூர் சென்றவர் யாவரும் கண்டிருப்பர். வைத்தியத்துக்கென்று வந்தவர்கள் ஒரு சிறு குடித்தனமே நடத்த வேண்டியிருப்பதன் பிரத்தியட்ச சாட்சி அது.

காலம் நீள்வதன் காரணங்கள் பல. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இரத்த வகை, திசுப் பொருத்தம், இருதயம், நுரையீரல், கொடுப்பவருடைய இரண்டு சிறுநீரகங்களின் வடிவம், குழாய்களின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவர வாரங்கள் கழியும். இறுதியில் கொடுக்க முன்வந்த அண்ணனுக்கே சர்க்கரை வியாதி இருப்பது வெளிப்பட்டால், ஊரிலிருந்து தங்கையை வரவழைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் விதிகளும், சிறுநீரகம் விற்பனைப் பண்டமாகிவிடாதபடி காக்கும் பொருட்டு, உறவுக்கும் வசிப்பிடத்துக்கும் சான்றுகள் கேட்கின்றன. வேறு மாநிலத்தவராயின் அவரவர் மாநிலத்திலிருந்து ஒப்புதலும் வேண்டும். சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஏழைகளின் சிறுநீரகம் விலைபோன கேவலத்தை இந்நாடு கண்டிருக்கிறது. ஆயினும் ஒரு சான்றில் பெயர் எழுத்து மாறியிருப்பதற்காக ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் திரும்பிச் செல்லும் மனிதருக்கு அந்த உயர்ந்த நோக்கத்தின் செலவு முழுவதும் அவர் பையிலிருந்தே போகிறது. இதற்கிடையில் டயாலிசிஸ் நிற்பதில்லை. சொந்த ஊரில் இலவசமாகப் பெற்று வந்ததைப் பலரும் வெளியூரில் பணம் கொடுத்தே பெறுகிறார்கள்.

அறுவை முடிந்ததும் ஊர் திரும்பிவிட முடியாது. முதல் மூன்று மாதங்கள் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும், டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் அளவைச் சரிபார்ப்பதும் நடக்கவேண்டியிருப்பதால் மருத்துவமனைக்கு அருகிலேயே, தொற்றுக்கு இடங்கொடாத சுத்தமான அறையில் தங்கும்படி வற்புறுத்துகிறார்கள். பின்னர் ஊர் சேர்ந்தாலும் மருந்து ஆயுட்காலம் முழுவதும் ஒரு வேளையும் தவறாமல் உண்ண வேண்டியது. சிற்றூர் மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. வரவழைத்த பொட்டலம் வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் பொருத்திய உறுப்பே ஆபத்துக்குள்ளாகிறது.

கொடுத்தவரைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுப்பவரில் பெரும்பாலோர் பெண்கள்; பெறுபவரில் பெரும்பாலோர் ஆண்கள். தாயும் மனைவியும் தம் உறுப்பைக் கொடுப்பதோடு, அறுவைக்கு முன்னும் பின்னுமாகப் பல வாரக் கூலியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். மேற்சொன்ன சட்டத்தில் பலரும் கவனியாத ஒரு வாசகம் இருக்கிறது: உறுப்புக்குப் பணம் கொடுப்பதைக் குற்றமாக்கும் அதே சட்டம், கொடுப்பவருக்கு அதனால் நேரடியாக ஏற்படும் நியாயமான செலவையும் சம்பாத்திய இழப்பையும் ஈடுசெய்வது ‘பணம் கொடுத்தல்’ ஆகாது என்று தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2007 முதல், வசதி குறைந்த தானமளிப்போரின் பிரயாணச் செலவையும் தங்கும் செலவையும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கும் ஓர் அமைப்பு இயங்கி வருகிறது. நம் சட்டம் அதற்கு முன்பே திறந்துவைத்த கதவு அது. அதன் வழியே நடக்கத்தான் நாம் இன்னும் முற்படவில்லை.

தூரத்தின் இச்செலவைக் கண்ணெதிரில் கண்டு ஓரளவாவது கணக்கிலெடுத்துக்கொண்ட இரண்டு பிரதேசங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் செழித்த உத்தானம். காரணம் இன்னும் ஐயமறத் துணியப்படாத சிறுநீரக வியாதி அங்கே கவிட்டி, சோம்பேட்டை, பலாசா முதலிய பகுதிகளின் உழைக்கும் மக்களைப் பல்லாண்டுகளாக வாட்டிவருகிறது. தொடக்கத்தில் அவர்கள் சிகிச்சைக்குச் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விசாகப்பட்டினத்தை நாடவேண்டியிருந்தது. நாளடைவில் டயாலிசிஸ் நிலையங்கள் அந்த வட்டாரத்துக்கே வந்தன. 2023 டிசம்பரில் பலாசாவில் 200 படுக்கைகளோடு சிறுநீரக ஆராய்ச்சி மருத்துவமனையும், தொலைவிலிருந்து ஆற்று நீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டமும் திறக்கப்பட்டன. இவற்றைவிடவும் என் கவனத்தைக் கவர்வது, டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆந்திர அரசு தரும் உதவித்தொகை 2019-இல் மாதம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதே. சிகிச்சை இலவசமானபின் எதற்குப் பணம் என்று கேளாமல், வேலையிழந்த வீட்டுக்கும் வழிச்செலவுக்கும் பணம் வேண்டும் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டது அங்கே.

மற்றது ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனம். அங்குள்ள ஆதிக்குடிகளிடையே சிறுநீரக வியாதி மிகுதி. டயாலிசிஸோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில். அதற்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள கிண்டோரில் வாழ்பவர் வாரம் மூன்று தடவை போய்வருவது என்பது பேச்சுக்கும் இடமில்லாதது. ஆகவே அவர்கள் சொந்த மண்ணைவிட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். உற்றார் இன்றி, தம் பாஷை பேசுவாரின்றி வாழ்ந்தார்கள். முதியோர் இல்லாத ஊரில் பேரக் குழந்தைகளுக்குப் பாட்டும் சடங்கும் நிலத்தின் கதைகளும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமற் போயிற்று. எந்தக் காப்பீட்டுத் திட்டம் இந்த நஷ்டத்துக்கு விலை மதிக்கும்? அவர்களுடைய ஓவியர்கள் தாமே ஒரு வழி செய்தார்கள். பாப்புன்யா துலா ஓவியர்களின் படங்கள் 2000-ஆம் ஆண்டில் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விடப்பட்டு, பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேற்பட்ட நிதி திரண்டது. அப்பணத்தை முதலாகக் கொண்டு ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என இன்று அறியப்படும் நிறுவனம் எழுந்தது. 2004-இல் கிண்டோரிலேயே டயாலிசிஸ் நடந்தது. பின்பு இயந்திரம் பொருத்திய ஒரு லாரியும் ஊர் ஊராகப் புறப்பட்டது. 2018-இல் அந்நாட்டு அரசாங்கம், மிகத் தொலைவான இடங்களில் செவிலியரைக் கொண்டு நடத்தும் டயாலிசிஸுக்குத் தன் மெடிகேர் திட்டத்தில் தனிக் கட்டணத்தை ஏற்படுத்தியது. ஜனத்தொகை அருகிய பாலைவனத்தில் சாத்தியமானது, நெருங்கிய ஊர்களும் சாலைகளும் உள்ள நம் நாட்டில் சாத்தியமாகாது என்று சொல்ல எனக்கு நியாயம் தோன்றவில்லை.

நிலையங்களைப் பெருக்குவதில் ஓர் எச்சரிக்கை அவசியம். நிபுணரின் மேற்பார்வையும் நீரின் தூய்மையும் இல்லாமல் அவசரமாகத் திறக்கப்படும் அறையில் ஹெபடைட்டிஸ் சி கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடும். அருகாமைக்காகச் சுத்தத்தை விட்டுக்கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆதலால் தாலுகா மருத்துவமனைகளுக்கு டயாலிசிஸைக் கொண்டுபோகும்போது, மாவட்ட நிபுணர் வாரம் ஒருமுறையேனும் நேரில் வந்து பார்ப்பதும், நீரைக் குறித்த காலத்தில் பரிசோதிப்பதும் நிபந்தனையாக வேண்டும். அவ்வாறு கொண்டுபோக முடியாத மலைக்கும் தீவுக்கும் ஒதுங்கிய ஊருக்கும், நோயாளிகளைச் சேர்த்து அழைத்துவந்து கொண்டுபோய் விடும் அரசு வேன் ஒன்று, காப்பீட்டுத் தொகையிலேயே அடக்கமாக வேண்டும். காசநோயாளியின் உணவுக்காக 2018 முதல் மத்திய அரசு அவர் வங்கிக் கணக்கில் பணம் செலுத்தி வருகிறது. மருந்தைத் தவிரவும் நோய்க்குச் செலவு உண்டு என்ற தத்துவம் அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. டயாலிசிஸ் நோயாளிக்குத் துணை வருகிறவரின் கூலிக்கும் அதை நீட்டுவது புதிய தத்துவம் ஒன்றும் ஆகாது.

இவற்றுக்கு நிதியும் காலமும் வேண்டும். அவை வரும் வரையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நோயாளியின் டயாலிசிஸ் சீட்டில் எடை, இரத்த அழுத்தம், ஊசி, மருந்து யாவும் எழுதப்படுகின்றன. அவற்றோடு அவர் வீட்டுத் தூரத்தையும், அவர் ஊருக்குச் செல்லும் முதற் பேருந்தும் கடைசிப் பேருந்தும் புறப்படும் நேரத்தையும், உடன் வருகிறவர் யார், அவருக்கு என்ன வேலை என்பதையும் எழுதிவைத்து, அதிகாலை ஷிஃப்டையும் இரவு ஷிஃப்டையும் அருகில் வாழ்கிறவர்களுக்கும், பகல் ஷிஃப்டைத் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒதுக்குவதற்குச் சட்டமோ மானியமோ தேவையில்லை. பொறுப்பிலுள்ள செவிலியர் ஒருவர் நாளைக் காலையிலேயே அதைத் தொடங்கலாம்.